பாரம்

கடிதம் மலாயில் வந்தது.
அதன் மேல் மூன்று டீ வட்டம் விழும்வரை
நான் பிரிக்கவில்லை.

பகலில் எனக்கு ஆலையின் எடைமேடை.
லாரி ஏறும், எண் நிற்கும், அச்சடிப்பேன்.
குலைகளைக் கொட்டிவிட்டு வெறும் லாரி திரும்ப ஏறும்,
கழித்து இன்னொன்று அச்சடிப்பேன்.
பழுக்காததற்குப் பிடித்தம், காம்பு நீண்டால் பிடித்தம்.
ஒரு கிலோ பிசகினால்
தவுக்கே மோதிரத்தால் சன்னலைத் தட்டுவார்.

இரவில், ஊத்தான் மெலிந்தாங் கடைவீதியில்
கோழிக்கடைக்கு மேலே வாடகை அறை.
எதிரொலிக்குப் பயந்து சுவரெங்கும் பழைய மெத்தை.
பத்து மணிக்கு மேல் நான் ஒரு வானொலி.
கேட்பவர் பதினான்கு பேர்:
சித்தியவானில் இரவு வேலை பார்க்கும் ஒரு தாதி,
ஜொகூரில் கண்டெய்னர் இறக்குகிற, பெயர் சொல்லாத ஒருவர்
(எந்தப் பாட்டுக்கும் "அடுத்தது" என்று மட்டும் எழுதுவார்),
பிறகு யார் யாரோ.
பதினான்காவது ஆள் நானே, இன்னொரு போனில்,
ஒலி போகிறதா என்று பார்க்க.

"உங்களையும் சேர்த்துத்தான் கணக்கு"
என்றார் உரிம அலுவலகத்து ஃபவ்சியா.
சிரித்தாரா என்று தெரியவில்லை.
ஒரு பாட்டு, எத்தனை காது, எத்தனை முறை,
பெருக்கி மாதக் கடைசியில் அனுப்ப வேண்டும்.
பாதியில் போனவரை?
"முழுசாகப் போடுங்கள்."

ஆறு வருடமாகப் பாட்டு எனக்கு
ஆற்றில் கிடந்த மீன்.
விளம்பரமில்லை, வரும்படியில்லை,
இதில் என்ன திருட்டு என்று
பல் விளக்கும்போது கண்ணாடியோடு வாதாடினேன்.
இரண்டு இரவு நான்தான் ஜெயித்தேன்.
மூன்றாம் நாள் ஒரு வெறும் லாரி,
பின் சக்கரம் மேடைக்கு வெளியே நிற்க
டிரைவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"ஏத்து" என்றேன்.
ஏற்றினான். எண் குதித்தது.
அன்றிரவு உரிமப் பாரத்தைத் திறந்தேன்.

கட்டணம் என் மோட்டார் தவணை இரண்டு.
கட்டினேன். வீட்டுச் சட்டியில்
கொஞ்ச நாள் மீன் குறைந்தது.

பெரிய கம்பெனிப் பாட்டெல்லாம் ஒழுங்காகக் கட்டத்தில் உட்கார்ந்தன.
நின்றது ஒன்றே ஒன்று.
தொண்ணூற்று நாலில் இங்கேயே, கோயில் மண்டபத்தில் பதிந்த கேசட்.
இரண்டாம் சரணத்தில் ஒரு நாய் குரைக்கும்.
வெள்ளிதோறும் தாதி கேட்கும் பாட்டு.
பதிவில் தேடினால்
எழுதியவர், இசை, உரிமை, மூன்றும் ஒரே பெயர்:
ஈப்போவில் கேசட் கடை வைத்திருந்தவர்.

எழுதியது மருதப்பன் என்றார்கள்,
மூன்றாம் டிவிஷனில் குலை வெட்டியவர்.
எண் வாங்கி அழைத்தேன். மகள் எடுத்தாள்.
"அப்பாவா? நூத்தம்பது வெள்ளி வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாரு.
அந்தக் காசுல ஒரு ஃபேன் வாங்கினோம்.
அவரு போயி ஒம்பது வருசமாச்சு.
அது இன்னும் சுத்துது."

கையெழுத்து கையெழுத்துதான்.
கடைக்காரர் பெயரையே அடித்தேன்.
பதினான்கு காது, நான்கு வெள்ளிக்கிழமை,
மொத்தம் முப்பது சென்னைத் தொடவில்லை.
கீழே "குறிப்பு" என்றொரு கட்டம்.
இருபது எழுத்துக்கு மேல் ஏற்காது.
வரிகள்: மருதப்பன்.
இடம் மிச்சமிருந்தது.

காலையில் முதல் லாரி. சீட்டில்
தவுக்கே பெயர், வண்டி எண், மணி, நிகர எடை.
சரிவில் உருண்ட ஒரு குலையின் வெட்டுக்காம்பில்
யாரோ சிவப்புப் பென்சிலால் 27 என்று எழுதியிருந்தான்.
நீராவிக் கூண்டுக்குள் போகும்வரை
படிக்க முடிந்தது.

வெள்ளி இரவு, பாட்டுக்கு முன்னால்
மைக்கில் அந்தப் பெயரைச் சொன்னேன்.
நாய் குரைத்தது.
ஜொகூர்க்காரர் "அடுத்தது" என்றார்.
பாதியில் ஒருவர் போய்விட்டார்.
முழுசாகப் போட்டேன்.