வீட்டு இலக்கம்

திருகாணி கழற்ற எனக்குத் தெரியாது.
கறி வெட்டும் கத்தியின் முனையைக் கொடுத்துத் திருப்பினேன்.
மதிலில் நீலத் தகடு, இருபத்து மூன்று.
அது போன இடத்தில் வெயில் படாத சதுரம் ஒன்று
இன்னும் வெள்ளையாய்.
"அதையும் அழி" என்றாள் மாமா.
சம்பளம் தருகிறவளை இங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும்,
அவள் என்னை விட மூன்று வயது இளையவள் என்றாலும்.
அடுப்புச் சாம்பலைக் குழைத்து அப்பினேன்.

அன்றிரவு ஜாப்ரியா முழுக்க அதே சத்தம்,
இரும்பு இரும்பில் உரசுகிற கிறீச்.
வீதிப் பெயர்களை ஏணி வைத்து இறக்கினார்கள்.
விடிந்தபோது வீடுகள் இருந்தன,
முகவரி இல்லை.
பிடித்த ஊருக்குள் வழி தெரியாமல்
ஜீப்புகள் ஒரே வட்டச் சந்தியைச் சுற்றிச் சுற்றி வந்தன.

இனி இது நாடில்லை, பத்தொன்பதாவது மாகாணம் என்றது வானொலி.
கார்களுக்குப் புதுத் தகடு மாட்டச் சொன்னார்கள்.
பக்கத்து வீட்டு வேலைக்காரிகள்
பஸ் ஏறி பாலைவனம் தாண்டி அம்மான் போனார்கள்.
என் கடவுச்சீட்டு அலுமாரியில், குளிர்காலப் போர்வைக்கடியில்.
சாவி மாமாவின் வளையத்தில்.
அரசு போன வேகத்தில்
சாவி போகவில்லை.

ஒக்டோபரில் மூன்று சிப்பாய்கள் வந்தார்கள்.
ஒருவனுக்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை,
என் கையிலிருந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
மற்றவனிடம் மடிப்புக் கலைந்த ஒரு தாள்.
ஃபவாஸின் வீடு எது?
மாமாவின் புருஷனுக்குத் தம்பி அவன்.
அந்த நேரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
தன் மூச்சைத் தானே பிடித்துக்கொண்டு படுத்திருந்தான்.

நாலு வருடம் இந்த வீட்டில்
ஒன்றும் தெரியாதவள் என்றே திட்டு வாங்கியவள் நான்.
அதையே சொன்னேன்.
தெரியாது.
இந்த வீட்டு இலக்கம்?
தெரியாது.
எதிர்வீடு?
தெரியாது.
அரபி என் வாயில் உடைந்து வந்தது,
அதனால் நம்பினார்கள்.

பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.
தாளில் இருந்தது ஒரு பையன்,
அந்த வீட்டிலும் ஒரு பையன் இருந்தான்.
யூசுப். மருத்துவம் படிக்கப் போகிறவன்.
செருப்பில்லாமல் ஏற்றினார்கள்.
நான் ரொட்டியை அந்தச் சின்னவனிடம் கொடுத்துவிட்டேன்,
ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

பெப்ரவரியில் பகலிலேயே விளக்குப் போட்டோம்.
எண்ணெய்க் கிணறுகளின் புகை
கொடியில் காயப்போட்ட துணியில் கரிய புள்ளியாய் இறங்கியது.
ஹோர்ன் சத்தம், கொடி, அழுகை.
ஃபவாஸ் தாடியோடு கூரையிலிருந்து இறங்கினான்.
நீலத் தகட்டை நானே திரும்ப மாட்டினேன்,
இம்முறை கையில் நல்ல திருப்புளி.
எதிர் மதிலில் சாம்பல் அப்படியே இருந்தது.
அதைக் கழுவ யாரும் வெளியே வரவில்லை.

தபால் மறுபடி ஓடத் தொடங்கியபின்
சுலைஹாவின் கடிதம் வந்தது.
ராத்தா, அதே ஒக்டோபரில்
எங்களையும் எருக்கலம்பிட்டியை விட்டுப் போகச் சொன்னார்கள்.
ஒலிபெருக்கியில் சொன்னது நம் தமிழில்தான்.
வள்ளத்தில் ஏறினோம், உம்மாவின் மருந்துப் பை கடலில் விழுந்துவிட்டது.
இப்போது புத்தளத்தில், தென்னந்தோப்பில், ஓலைக்குள் இருக்கிறோம்.
வீட்டு இலக்கம் என்று ஒன்றும் இல்லை,
காசு அனுப்பினால் பள்ளிவாசல் பெயருக்குப் போடு.

காசு மாற்றும் கடையில் படிவம் தந்தார்கள்.
ஏழு மாதச் சம்பளத்தில் மூன்று மாதத்ததுதான் கையில்.
பெறுபவர் பெயர், எழுதினேன்.
ஊர், எழுதினேன்.
வீட்டு இலக்கம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மலையாளத்துப் பையன்
எதையாவது போடு அக்கா, கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றான்.

இருபத்து மூன்று என்று போட்டேன்.

அவன் பார்க்காமலே முத்திரை குத்தினான்.