பத்து மடங்கு

கடலூர் முதுநகரில் மலை கிடையாது.
என் திரையில் இருக்கிறது.
கிடைக்கு ஒன்றுக்கு ஆயிரம், செங்குத்துக்கு ஒன்றுக்கு நூறு
என்று அளவைப் பிரித்துக் கொடுத்ததும்
மென்பொருள் ஊரைப் பத்து மடங்கு தூக்கி நிறுத்துகிறது.
மீன் ஏலக்கூடத்துப் பக்கம் கிடக்கும் மண்மேடு
ஒரு கரடு.
உப்பனாற்றங்கரை
குதித்தால் கால் ஒடியும் பள்ளம்.

பச்சைக் கோடு தரை.
சிவப்பு, வெட்டப்போகும் வடிகாலின் அடி.
நீலம், ஐப்பசி கார்த்திகையில் அதற்குள் ஓடவேண்டிய தண்ணீர்.
மூன்றும் ஒன்றையொன்று தொடாமல்
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது மீட்டர் போய்
ஆற்றில் விழுந்துவிட்டால்
நான் வீட்டுக்குப் போகலாம்.

செயினேஜ் அறுநூற்று நாற்பதில்
பச்சை முதுகை வளைத்திருந்தது.
யாரோ ஸ்டாஃபைக் கல்மேல் நிறுத்திவிட்டார்கள்.
புள்ளியை அழிக்கும்முன் தனவேலுக்குப் போன் போட்டேன்.
"கல்லு இல்ல மேடம், ரோடுதான்.
பழசச் சொரண்டாம அதுமேலயே போட்டு அதுமேலயே போட்டு
மூணு ரோடு இருக்கு அங்க."
"ஓரத்துல வீடுங்க?"
"வீட்டையெல்லாம் எடுக்கச் சொல்லலையே."

சொல்லவில்லைதான்.
நெடுக்குவெட்டு நடுக்கோட்டின் கதை.
நடுக்கோட்டில் யாரும் குடியிருப்பதில்லை.

மறுநாள் நானே போனேன்.
சாலையிலிருந்து வாசலுக்கு இரண்டு படி,
கீழே.
தனவேல் நிலைப்படியில் ஸ்டாஃப் வைத்தான்.
ஒன்று புள்ளி ஒன்று இரண்டு.
சாலை ஒன்று புள்ளி ஐந்து எட்டு.
ஜைத்தூன் கதவைத் திறந்து
"என்னத்த அளக்குறீங்க" என்றாள்.
"உயரம்."
"அது உள்ள இருக்கு, வாங்க."

பிரிட்ஜுக்கு நாலு செங்கல்.
கட்டிலுக்கு ரெண்டு.
தையல் மெஷினுக்கு அஞ்சு, சோறு போடுவது அதுதான்.
பீரோவை மட்டும் அடுக்கவில்லை,
அதன் கதவு அடியில் உப்பித் துருவேறியிருந்தது.
"எங்களுக்குக் கல்லுக் கணக்குதான்.
போன தடவ ஒரு கல்லு பத்தல" என்று
சுவரின் பழுப்புக் கோட்டைக் காட்டினாள்.
தனவேல் சிரிக்காமல் அதற்கும் ஒரு ரீடிங் எடுத்தான்.

மஞ்சக்குப்பம் அலுவலகத்தில் இரவு ஒன்பதரை.
நீலத்தை அவள் நிலைப்படிக்குக் கீழே இறக்கினேன்.
மஞ்சள் முக்கோணம் எழுந்து
சரிவு போதாது என்றது,
ஆயிரத்துக்கு ஒன்றாவது வேண்டுமாம்.
கொடுத்துப் பார்த்தேன்.
ஆற்றைச் சேரும்போது நீலம்
கடல் மட்டத்துக்குப் பதினேழு சென்டிமீட்டர் கீழே கிடந்தது.
கடல் என்ன, எனக்காகத் தள்ளிப் படுக்குமா?
இரண்டாயிரத்துக்கு ஒன்றாக்கி
அகலத்தைக் கூட்டி
முக்கோணத்தை விழித்துக்கொண்டே இருக்க விட்டேன்.

நடுவில் ஒருமுறை
செங்குத்தையும் ஒன்றுக்கு ஆயிரமாக்கிப் பார்த்தேன்.
கரடு போயிற்று, பள்ளம் போயிற்று.
சாலை, நிலைப்படி, கடல்
எல்லாம் ஒரே மயிரிழை.
எது எதற்கு மேலே என்று தெரியவில்லை.
பயந்து மறுபடி பத்தாக்கினேன்.

"கோட்டுக்கு வெளிய என்னமா புள்ளி?"
என்றார் நிர்வாகப் பொறியாளர்.
"பிரிண்ட்ல அதெல்லாம் வேணாம்."
பிரிண்டில் வராது.
தனி லேயரில் வைத்து அணைத்திருக்கிறேன்.
பெயர் கேட்டது,
ஜைத்தூன் என்று அடித்தேன்.

நீலம் இப்போது அவள் நிலைப்படிக்கு
ஒன்பது சென்டிமீட்டர் கீழே ஓடுகிறது,
ஆற்றில் ஓதம் ஏறாத நாளில்.
திரையில் அது இடுப்பளவு.
தரையில்
ஒரு செங்கல்,
கொஞ்சம் சாந்து.