ஐந்து வரி நினைவு

தம்பெரேயில் ஜனவரி.
மூன்றரை மணிக்கே இருட்டு வந்து
ஜன்னலில் முகம் பதித்துக்கொள்கிறது.

நாலாம் மாடி ஆய்வகம். மேசைமேல்
உறை போடாத கேமரா:
பச்சைப் பலகை, ஒரு லென்ஸ், குடல்போல் வயர்கள்.
நாற்பது மெகாபிக்சல், நொடிக்குப் பதினைந்து படம்.
மென்பொருளிடம் கொடுத்தால்
படத்துக்கொரு காபி குடித்துவிட்டு வரலாம்.
அதனால்தான் சிலிக்கானிலேயே செதுக்கினாள் ரைலி.
ஒளி ஓட ஓடவே வேலை முடிய வேண்டும்;
ஆற்றை நிறுத்திவைத்து அலசுவதற்கில்லை.

அவள் சுற்றுக்கு முழுப்படம் தெரியாது.
ஐந்து வரி. அவ்வளவுதான் நினைவு.
ஆறாவது வந்தால் முதலாவது மறந்தது.
அதற்குள் ஒவ்வொரு புள்ளியைப் பற்றியும்
அதே நிறத்து அண்டைவீட்டார் எட்டுப் பேரிடம்
விசாரித்தாக வேண்டும்:
இவன் உங்களில் ஒருவன்தானா?
இல்லையென்றால் அது பழுது.
எட்டின் நடுமதிப்பை அங்கே உட்காரவைத்துவிட்டு
அடுத்ததற்குப் போகும்.
நொடியில் அறுபது கோடி விசாரணை.
ஒன்றிலும் தயங்கியதில்லை.

அன்று விளக்கணைத்துவிட்டு ஏரியைப் படமெடுத்தோம்.
மணி ஐந்தேகால்.
உறைந்து கிடந்தது நேசியார்வி.
அக்கரையோரம் கடுகளவு வெளிச்சம்.
இரவுக் காவலர் ஒஸ்மோதான்;
பணிக்கு முன் பனிக்கட்டியில் துளை போட்டு
தூண்டிலோடு குந்தியிருப்பார்.

திரையில்
வழித்துத் துடைத்த கருப்பு.
"இரைச்சலே இல்லை" என்றேன்.
பாராட்டாகத்தான் சொன்னேன்.

ரைலி ஜன்னலைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.
மறுபடி ஜன்னலை.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
வரம்பை ஓர் எண் தளர்த்தினாள். கருப்பு.
இன்னோர் எண். கருப்பு.
இன்னொன்று:
கல்லுப்பை வாரி இறைத்ததுபோல்
சென்சாரின் கெட்ட புள்ளிகள் அத்தனையும்
வெளியே வந்து நின்றன,
நடுவில் எங்கோ ஒஸ்மோ.

நான் ஒரு புள்ளியில் விரல் வைத்தேன்.
அவள் வேறொன்றில்.

பிறகு முக்காலியை
நகக்கண் அளவு தள்ளிவைத்து
இன்னொரு படம் எடுத்தாள்.
உப்பெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது.
ஒன்று மட்டும் நகர்ந்திருந்தது.

நகராதது நம்முடையது, நகர்வது உலகம்.
இதைச் சொல்லித்தர ஐந்து வரி போதாது,
போன படம் முழுசாக ஞாபகம் இருக்க வேண்டும்.
சில்லில் அதற்கு இடம் இல்லை.
வார்ப்புக்குப் போய்த் திரும்பியும் வந்தாயிற்று.
ரைலி பின்னூசியால்
கட்டைவிரல் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்கு ஒஸ்மோ வந்தார்,
மீசையில் பனி, வாளியில் இரண்டு மீன்.
வட்டமிட்ட புள்ளியைக் காட்டினோம்.
குனிந்து பார்த்தார்.
"நான் இல்லையே. எனக்கு பேட்டரி
நாலு மணிக்கே செத்துப்போச்சு.
இருட்டிலேதான் பிடிச்சேன் இந்த ரெண்டும்."

யாரும் விளக்கைப் போடவில்லை.
ஜன்னலில் இப்போது மூன்று முகம்.
அங்கே,
கடுகளவு,
இன்னும்.