ரிட்டன்

ஷட்டவுன் கொடுத்தால்
திரை செத்துப்போகிறது.
உள்ளே விசிறி மட்டும் சுற்றுகிறது.

பத்தொன்பது நாளாக இதே கூத்து.
கடையில் வாங்கிய பெட்டி என்றால்
கடைக்காரனைத் திட்டலாம்.
இது நானே பூட்டியது.
மதர்போர்டு கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் வந்தது,
கேபினட் நாகர்கோவிலில் பழசு,
கிராபிக்ஸ் கார்டு விலையை
மாமாவிடம் பாதிதான் சொன்னேன்.
கல்யாண வீடியோவை வெட்டி ஒட்ட
சும்மா பெட்டி தாங்காது.

பவர் பட்டனை அமுக்கியே பிடித்தால் அடங்கும்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
கழுத்தை நெரிக்கிற மாதிரி இருக்கும்.
காலையில் எழுந்ததும் அதுவே புகார் வாசிக்கும்:
நேற்று முறையாக அணைக்கப்படவில்லை.
யாரைச் சொல்கிறது?

செய்யாத வைத்தியம் இல்லை.
வேகமாக விழிக்கிற வசதியை நிறுத்தினேன்.
பயாஸுக்குள் போய்
நெட் கேபிள் தட்டினால் எழுந்திருக்காதே என்றேன்.
டிரைவர்களைப் புதுசாக்கினேன், மறுபடி பழசாக்கினேன்.
ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்தேன்.
பலகையைத் தூக்கி அடியில் டார்ச் அடித்ததில்
ஒரு திருகும்
காய்ந்த பல்லிக்குட்டி ஒன்றும்.
ஆள் அகப்பட்டாச்சு என்று
நடுராத்திரியில் தனியாகச் சிரித்தேன்.
பூட்டினேன். ஷட்டவுன் கொடுத்தேன்.
சுற்றியது.

ஆடிக் காற்று.
பணகுடியில் இப்போது எதுதான் நிற்கிறது?
கொடியில் போட்ட சேலை
மூன்றாம் வீட்டு முருங்கையில் கிடக்கிறது.
தெற்கே வரிசையாகக் காற்றாலைகள்,
உச்சியில் சிவப்பு விளக்கு.
அதில் ஏதோ ஒன்றின் காலடியில்
நல்லபெருமாளுக்கு நைட் ஷிப்ட்.

பத்தரைக்குப் போன் வந்தது.
காற்று பாதி, அவர் பாதி.
"சாப்ட்டியா?"
"இது சாவ மாட்டேங்கு."
"எது?"
சொன்னேன்.
பத்தொன்பது நாளும் சொன்னதுதான்,
இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

"ரிட்டன் வருதா பாருட்டி."
"அதென்ன ரிட்டன்?"
"லைன ஆஃப் பண்ணிட்டு ஆள் கம்பத்துல ஏறுதான்.
எவன் வீட்டு இன்வெர்ட்டரோ
பின்னால இருந்து தள்ளிக்கிட்டு இருக்கு.
ஆஃப் பண்ணுன லைன்லதான் ஆளு போறது, கேட்டியா.
நீ குடுக்கேன்னு நெனச்சிருக்க எடத்துல இருந்து
உனக்கு வருதான்னு பாரு."
அப்புறம் காற்று மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.

மேசைக்குப் பின்னால் மண்டியிட்டேன்.
பிரிண்டரைப் பிடுங்கினேன். சுற்றியது.
ஸ்பீக்கர். சுற்றியது.
அதற்கும் பின்னால், தூசிக்குள்,
நாலு வாய் ஹப் ஒன்று,
ஹார்டு டிஸ்க், கேமரா கார்டு, என் போன்,
எல்லாருக்கும் பெட்டிதான் படியளக்கிறது
என்று நம்பியிருந்தேன்.
ஆடி பிறந்த அன்று
ஹார்டு டிஸ்க் மினுக் மினுக் என்றதும்
பழைய மோடத்தின் அடாப்டரைத் தேடியெடுத்து
ஹப்புக்குத் தனியாகச் செருகியது யார்?

விரல் விட்டு எண்ணினேன்.
எண்ணியிருக்க வேண்டியதில்லை.

ராத்திரி ராத்திரி நானே அணைத்து
நானே பின்வாசல் வழியாக
அஞ்சு வோல்ட் ஊட்டியிருக்கிறேன்.

ஹப்பை உருவினேன்.
விசிறி தயங்கியது.
இதழ் இதழாகத் தெரிந்தது,
ஒவ்வொன்றின் விளிம்பிலும் கருப்பாக அழுக்கு.
நின்றது.

அவருக்கு அடித்தேன்.
முழு ரிங் போய்க் கட்டானது.
மறுபடி அடித்தேன்.
ஜன்னலைத் திறந்தால்
முகத்தில் மண்.
நிலா வெளிச்சத்தில் எல்லாம் சுற்றுகின்றன,
வரிசையில் நாலாவது மட்டும்
கையை விரித்தபடி நிற்கிறது.

ஆஃப் பண்ணிவிட்டு
மேலே ஏறியிருப்பார்.

என் கையில் ஹப்.
எதிலும் சேராமல்
அதன் நீல விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது.

ஓடிப்போய்
சுவரிலிருந்து அடாப்டரைப் பிடுங்கினேன்.