கிளட்ச் கால்

திருமலை – மூதூர் வழியில்
பதினெட்டு வருசமாய் பஸ் ஓட்டுகிறேன்.
எந்தத் தரிப்பில் எவர் ஏறுவார், எவர் இறங்குவார்
எல்லாம் எனக்கு அத்துப்படி.
இது மட்டும் சொல்லாமல் ஏறியது.

நாரியில் ஏறி
இடது குண்டியில் ஆளை இடித்து
தொடைப் பின்பக்கம் நின்றபடியே வந்து
கெண்டைக்காலில் மிச்சக் காசுக்குச் சண்டை பிடித்து
சுண்டுவிரலில் இறங்கும்.
இறங்கியும் போகாது,
அங்கேயே நின்று மணி அடிக்கும்.

கிளட்சை மிதித்தால் மின்சாரம்.
தும்மினால் மின்சாரம்.
கிண்ணியாப் பாலத்தில் எத்தனை பொருத்து என்று
என் காலைக் கேளுங்கள்.

கொண்டக்டர் ரஜாப்தீன் எண்ணெய்ப் போத்தல் கொண்டுவந்தான்.
கன்னியாவில் ஏழு கிணற்றிலும் வாளி போட்டேன்.
சூடு சாரம் நனைத்து உள்ளே இறங்க
அரைமணி நேரம் மனிசனாய் இருந்தேன்.
மனைவி வெறும் பலகையில் கிடத்தினாள்,
மூன்று நாள், பிரேதம் மாதிரி.
நாலாம் நாள் எழும்ப முடியாமல்
கதவு நிலையைப் பிடித்தபடி அழுதேன்.
சின்னவள் பார்த்துவிட்டாள்.

பெரியாஸ்பத்திரியில் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
"வெட்டலாம், ஆனால் இப்போது அவசரமில்லை,
ஆறு கிழமை பார்ப்போம்" என்றார் டொக்டர்.
ஆறு கிழமை!
லீசிங்காரன் ஆறு நாள் பொறுக்கமாட்டான்.

பிசியோ அறையில் பஸ்லியா மிஸ்
முதலில் கேட்டது என் பேர்சை.
பின்பொக்கெட்டிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன்.
அடையாள அட்டை, லைசன்ஸ், அடகுத் துண்டு,
இரண்டு விரல் தடிப்பு.
"இதுக்கு மேலயா பதினெட்டு வருசம் இருந்தீங்க?"

பிறகு சொன்னா:
முள்ளெலும்பு இரண்டுக்கு நடுவில் ஒரு சவ்வு,
ஜாம் பணிஸை நெரித்த மாதிரிப் பிதுங்கியிருக்கு.
பக்கத்தில் போகும் நரம்பு இடமில்லாமல் கத்துது.
பிதுங்கினதை அநேகமாய் உடம்பே
கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்றுவிடும்.
படுத்துக் கிடக்காதீங்க, நடங்க.
சிரிப்பை நிறுத்திவிட்டு இதையும் சொன்னா:
மூத்திரம் அடைத்தால்,
தொடை நடுவில் மரத்தால், பாதம் தொங்கினால்
ராவோ பகலோ ஓடிவாங்க.

குப்புறப் படுக்க வேணும்.
இடுப்பு கட்டிலில், நெஞ்சு மட்டும் மேலே.
பக்கத்துக் கட்டிலில் சேருவிலக் கமக்காரர் சந்திரபால,
நெல் மூட்டை செய்த வேலை.
ஒரே நேரம் எழும்பினோம்.
நான் அம்மா என்றேன், அவர் அம்மோ என்றார்.
மிஸ் இரண்டு பாஷையிலும் பத்துவரை எண்ணினா.

விடிய முதல் டச்சுக்குடாக் கரையில் நடை.
முதல் நாள் மின்கம்பம் ஒன்றிலிருந்து மற்றதுக்கு.
பஸ் நிலையப் பக்கம் லஞ்ச் சீற் நக்கிய புள்ளிமான்
முன்னங்காலை நீட்டி, முதுகை வளைத்து
சோம்பல் முறித்தது.
அதுக்கு எந்த மிஸ் சொல்லிக்கொடுத்தாவோ.

மூன்றாம் கிழமை சுண்டுவிரல் மௌனம்.
கெண்டைக்காலும் விட்டது.
ஆனால் குண்டியும் நாரியும் முன்னையைவிட மோசம்.
பயந்து ஓடினேன்.
"நல்லம்" என்றா மிஸ்.
"ஏறின இடத்துக்குத் திரும்பிப் போகுது."

அப்போதுதான் பிடிபட்டது.
மூதூர் விட்டு, கங்கை தாண்டி,
கிண்ணியா, சீனக்குடா என்று
லைற் அணைத்துத் திரும்பும் கடைசி பஸ்.

முழுக்க இறங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
மழைநாளில், நெடுந்தூரத்தில்,
பின்சீற்றில் ஓர் ஆள் இருமுவது கேட்கும்.

இப்போது நாரிக்குப் பின்னால் சுருட்டிய துவாய்.
பேர்ஸ் டாஷ்போட்டில், சாமிப்படத்துக்குக் கீழே.
கிண்ணியாவில் வண்டியை நிறுத்தி இறங்கி
இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிப் பின்னால் வளைகிறேன்.
"சுணங்குது, சுணங்குது" என்று உள்ளே சத்தம்.
"எஞ்சின் சூடு, பொறுங்க" என்கிறான் ரஜாப்தீன்.
வானத்தில் ஒரு பருந்து, தலைகீழாய்.