மூன்று விநாடி

ஷார்ஜா தொழிற்பேட்டையில்
டயர்க் கடைக்கும் ஐஸ் கம்பெனிக்கும் நடுவே
ஜன்னல் இல்லாத எங்கள் ஆய்வுக்கூடம்.
பிள்ளைகளின் இரவு உடுப்புகளைக் கொளுத்திப் பார்ப்பது
என் வேலை.

சும்மா கொளுத்திவிட முடியாது.
ஐம்பது தடவை துவைக்க வேண்டும்.
சூட்டறையில் ஈரத்தைப் போக்கி
கண்ணாடிக் குடுவையில் ஆறவிட்டு
கீற்றாய்த் தொங்கும் துணியின் அடியில்
சுடரை நகர்த்துவேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
எடுத்துவிடுவேன்.
அப்புறம் துணியின் பாடு.

சிலது கருகிச் சுருண்டு தானாய் அணையும்,
ஏசி முடித்து வாயடங்கிய ஆள் மாதிரி.
சிலது மேலே ஓடும்.
பூனைக்குட்டி முதலில் எரிந்ததா
அதற்கு மேலிருந்த நிலாவா என்று
படிவம் கேட்பதில்லை.
கருகிய நீளம், மில்லிமீட்டரில். அவ்வளவுதான்.

நேற்று வந்த பெட்டி திருப்பூரிலிருந்து.
உள்ளே தமிழில் ஒரு துண்டுச் சீட்டு:
'சைஸ் ஆறு, நாற்பது பீஸ். பேக்கிங் பொன்னுருவி.'
நான் தோற்கடித்தால்
அந்தச் சாய்ந்த கையெழுத்துக்கும் அடி விழும்.
சீட்டை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தேன்.

'பருத்தியா, உடம்போடு ஒட்டியிருக்கணும்'
என்பாள் பக்கத்து மேசை ஜொவெலின்.
'தொளதொளவென்றால் இடையில் காற்று.
தீக்கு அதுதான் சோறு.'
தலையாட்டிக் கையெழுத்துப் போடுகிறவள் நான்.

ரோலாவில் பதினைந்து திர்ஹமுக்கு
என் அக்சாவுக்கு உடுப்பு எடுத்தவளும் நான்.
ஆறு வயசுக்காரிக்கு ஒன்பது வயசு அளவு.
வளர்ற பிள்ளை அல்லவா.
கழுத்தில் குத்துகிறது என்று அவள் சிணுங்க
லேபிளை நறுக்கி எறிந்தேன்,
'தீயின் பக்கம் போகாதே' என்று
மூன்று மொழியில் சொல்லிக்கொண்டிருந்த
அந்தச் சின்ன நாக்கை.

இன்று விடிகாலை. பாங்கு ஓய்ந்த நேரம்.
கட்டன்சாயா கொதிக்கிறது.
கண்ணைத் திறக்காமலே வந்த அக்சா
அடுப்புக்கு அந்தப்பக்கம் இருந்த பிஸ்கட் டப்பாவுக்கு
கையை நீட்டினாள்.
கை முடிந்தும் முடியாத சட்டைக்கை
நாலு விரல் நீளம்
நீலச் சுடரின் மேல்.

ஒன்று, என்றேன்.

இழுக்கவில்லை. அலறவில்லை.
எண்ணினேன்.

இரண்டு வருமுன் அடுப்பை அணைத்தது
என் கைதான் போலிருக்கிறது.
பிள்ளைக்கு ஒன்றுமில்லை. பிஸ்கட் கேட்டாள்.
துணி ஓரத்தில் ஒரு பழுப்பு.
ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்: நாலு மில்லிமீட்டர்.
யாரிடமும் சொல்லவில்லை.

ராத்திரி கத்தரியோடு உட்கார்ந்தேன்.
'புது உடுப்ப எதுக்குடி வெட்டுத?'
டென்சிங் ஃபோனிலிருந்து தலை தூக்கவில்லை.
பக்கவாட்டைப் பிடித்தேன். கையைக் குறைத்தேன்.
போட்டுப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்:
'இறுக்குது மம்மி.'

இறுக்கட்டும்.
அடுத்த வருஷம் வேற வாங்கலாம்.

காலை எட்டு மணிக்கு அந்தப் பெட்டி.
சைஸ் ஆறு.