ஐந்தேகால் சவரன்

லாங் பஜார் அடகுக் கடைத் தராசில்
மிளகை வைத்தேன்.
கண்ணாடிக் கதவை மூடிவிட்டு
சேட்டுப் பையன் சிரிக்காமல் படித்தான்:
நாற்பத்திரண்டு கிராம்.
தை மாதம் ஏழு சவரன் இருந்த பல்லி,
சித்திரையில் ஐந்தேகால்.
செய்கூலி இல்லை.
சேதாரம் முழுக்க வாலில்.

கேரட்டாய்த் தடித்திருந்த வால் அது.
இப்போது ஈர்க்குச்சி.
விரித்த பேப்பரில் பச்சைத் தண்ணீர்,
அதில் செரிக்காத வெட்டுக்கிளியின் முழுக்கால்.

கீழ்வீட்டு ஜெகதாம்பாள் பஞ்சாங்கத்தோடு ஏறிவந்து
"எந்தப் பக்கம் விழுந்துச்சு?" என்றாள்.
எந்தப் பக்கமும் விழலைங்க,
அதுக்கு வயிற்றுப்போக்கு.

கால்நடை மருந்தகத்தில் எனக்கு முன்னால்
ஒரு ஜெர்சிப் பசு, இரண்டு வெள்ளாடு.
டாக்டர் இம்தியாஸ் அடிவயிற்றை
டார்ச்சுக்கு எதிரே பிடித்தார்.
மெல்லிய தோலுக்குள்
சிவந்து ஊதியிருந்தது குடல்.
"பசுவுக்கு எழுதியே பழகின கைம்மா,
இதுக்குச் சொட்டில் பாதி எழுதணும்.
எதனாலன்னு தெரியாம எழுத மாட்டேன்.
நீங்கதான் லேபாச்சே."

ஆமாம், பதினோரு வருடம்.
சில்சாரிலிருந்தும் மால்டாவிலிருந்தும்
காட்பாடியில் வந்து இறங்கும் வயிறுகளை
டப்பா டப்பாவாகச் சந்தித்திருக்கிறேன்.
முகம் தெரியாது.
பெயரைத் தப்பாகத்தான் உச்சரிப்பேன்.

அன்றிரவு பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு
எழுபதாவது டப்பாவுக்குப் பிறகு
மிளகின் டப்பாவைத் திறந்தேன்.
வயது மூன்று. ஊர் சத்துவாச்சாரி.
ஆணா பெண்ணா, காலியாக விட்டேன்.

நீலத்தில் சிவப்பு மணி தெரிந்தால்
மருந்து கிடையாது, அது எனக்குத் தெரியும்.
சால் விடாமல் உழுதேன் கண்ணாடியை.
சிவப்பு இல்லை.
அடுத்த தகட்டில்
உள்ளே இரண்டு பருப்போடு
மல்லாட்டை மல்லாட்டையாய் மிதந்தன.
இதற்கு மருந்து உண்டு.
மைக்ராஸ்கோப்பிலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன்.

"ரூம் எப்படி இருக்கும்?" என்றார் டாக்டர் போனில்.
மலைப்பாறை கொதித்து
ஊரே வேகிற வெயிலில்
நைட் முடித்துப் பகலில் தூங்க
நான் போட்ட ஏ.சி.
அதன் வயிற்றில் தீயை அணைத்திருக்கிறது.
சொல்லச் சொல்ல எனக்கே குரல் இறங்கியது.

இப்போது ஏ.சி. இல்லை.
காலையும் மாலையும் வெதுவெதுப்பான நீரில்
கால் மணி நேரம் நிற்கிறது மிளகு.
வாயோரம் அரைச் சொட்டு வைத்தால்
நக்கிவிட்டு என்னை முறைக்கிறது.
அதன் வெப்பத்தில்
நான் நனைந்து நனைந்து தூங்குகிறேன்.

இன்று பேப்பரில்
கறுப்பாய், கெட்டியாய் ஒன்று,
நுனியில் சுண்ணாம்பு வெள்ளை.
குனிந்து டப்பாவில் எடுத்தேன்.
மூன்றாவது மாதிரி பார்க்காமல்
'இல்லை' என்று எழுதுவதில்லை நாங்கள்.